கடல் பார்த்த வீடு: வாங்குபவரும் அக்கம்பக்கத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டட வரைபடம் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்து, ஆபீஸ் ஆபீஸாக அலைவது என் தொழில். ஈ.சி.ஆர். பக்கத்து வேலைதான் அதிகம். என்னிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் கடலோர மனைக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதோடு வருவார். இன்னொருவர் பக்கத்து மனையில் எழும்பிக்கொண்டிருக்கும் பங்களாவை போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார். இருவரும் ஜென்மப் பகைவர்கள் மாதிரி பேசுவார்கள். ஆனால் இருவருக்கும் நான் எடுத்துக் காட்டுவது ஒரே கடலோர மண்டல வரைபடம்தான். அதனால் இருவர் கேள்விகளையும் இங்கே ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.

பட்டா என் பேரில் இருக்கிறது. என் நிலத்தில் நான் வீடு கட்ட யார் தடை சொல்வது?

பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. கடலோரத்தில் அதைச் சொல்வது சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1986-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு இதை முதலில் 1991 பிப்ரவரி 19 அன்று வெளியிட்டது. 2011-ல் புதிதாக ஒன்று, 2019-ல் மறுபடி ஒன்று. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் ஆட்சி.

பத்திரப் பதிவாளர் இதைப் பார்ப்பதில்லை. வில்லங்கச் சான்றிதழில் வராது. வங்கி வக்கீல் கொடுக்கும் ஒப்பீனியன்கூடப் பெரும்பாலும் மூலப்பத்திரம், வாரிசு, வில்லங்கம் என்று நின்றுவிடும். நாலு இடத்தில் சுத்தம் என்று சொன்ன நிலம் ஐந்தாவது இடத்தில் மாட்டுவது இப்படித்தான்.

உயர் அலைக் கோடு என்றால் அலை வந்து நனைக்கிற இடமா?

இல்லை. இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வரும் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ அதுதான் உயர் அலைக் கோடு. அதைக் குறித்துக் கொடுப்பதற்குச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மத்திய நிறுவனம் இருக்கிறது, தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம். அவர்கள் குறித்த கோடுதான் கோடு. உங்கள் கண் அளவுக்கும் புரோக்கர் கால் அளவுக்கும் மதிப்பில்லை.

கால் அளவு என்று சும்மா சொல்லவில்லை. ஒருமுறை ஒரு புரோக்கர் என்னையும் வாங்க வந்தவரையும் கூட்டிக்கொண்டு போய், அலை நுரை காய்ந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கிருந்து எட்டு வைத்து எண்ண ஆரம்பித்தார். இருநூற்றுப் பத்து எட்டில் மனையின் வேலிக்கல் வந்தது. "பாருங்க சார், இருநூறு மீட்டரைத் தாண்டியாச்சு" என்றார். கிராமப் பகுதியில் பெரும்பாலும் அந்த இருநூறுக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, விவரம் கீழே வருகிறது. அது ஆனி மாதம், கரை நன்றாக அகன்று கிடந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்க்காமலே, "கார்த்திகையில வந்து எண்ணச் சொல்லுங்க" என்றார். அப்புறம் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், கோட்டிலிருந்து அந்த வேலிக்கல் 140 மீட்டர்கூட இல்லை. அவருடைய எட்டும் ஒரு மீட்டர் இல்லை, அது வேறு கதை.

மண்டலம் ஒன்று, இரண்டு, மூன்று என்கிறார்களே, என் மனை எதில் வரும்?

ஒன்று: சதுப்பு அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணற்குன்று, ஆமை முட்டையிடும் இடம் போன்றவை. வீடு என்ற பேச்சே வேண்டாம். நான்கு: கடல் நீர்ப்பரப்பே. வீட்டுச் சண்டை எல்லாம் இரண்டிலும் மூன்றிலும்தான்.

இரண்டு என்பது நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே கட்டி நிறைந்த பகுதி. 2019 அறிவிக்கை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: மொத்த மனைகளில் பாதிக்கு மேல் கட்டடம் எழுந்திருக்க வேண்டும், சாலை, வடிகால் வசதிகளும் இருக்க வேண்டும். இங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம். கடல் பக்கமாகக் கூடாது.

மூன்று என்பது அப்படி நிறையாத பகுதி, பெரும்பாலும் கிராமம். 2011 அறிவிக்கைப்படி இங்கே கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. 2019-ல் இதை இரண்டாகப் பிரித்தார்கள். 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் என்றால் 50 மீட்டர், குறைந்தால் பழையபடி 200 மீட்டர். இந்த ஐம்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஈ.சி.ஆரில் பல மனைகள் கைமாறின. ஆனால் அந்தச் சலுகை புது அறிவிக்கைப்படி வரைபடம் தயாராகி, மக்களிடம் கருத்துக் கேட்டு, மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அமலுக்கு வரும். அதுவரை பழைய வரைபடம்தான் பேசும். "2019 ரூல் வந்தாச்சு சார்" என்று யாராவது சொன்னால், "வரைபடம் வந்தாச்சா?" என்று கேளுங்கள்.

200 மீட்டரைத் தாண்டிவிட்டேன். இனி எவ்வளவு பெரிதாகவும் கட்டலாமா?

200-க்கும் 500-க்கும் நடுவே அறிவிக்கை சொல்வது இது: மீனவ கிராமம் போன்ற இடங்களில் மரபுரிமைக்கும் வழக்கமான பயன்பாட்டுக்கும் உட்பட்டு வீடு கட்டலாம்; உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது; தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும்.

முதல் பாதியை மறுபடி படியுங்கள். மீனவர் குடும்பம் பெருகினால் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும் என்று எழுதப்பட்ட வரி அது. தி.நகரில் கடை வைத்திருப்பவர் வார இறுதிக்கு வந்து தங்கக் கட்டும் ஆறு படுக்கையறை பங்களா அந்த மரபுரிமையில் வருமா? கட்டுபவர்கள் "வீடு என்றால் வீடுதான்" என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் "யாருடைய வீடு?" என்கிறார்கள். என்னைக் கேட்டால் வரியின் நோக்கம் எதிர்ப்பவர் பக்கம்தான் இருக்கிறது. வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்வதில் எனக்கு லாபமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அளவு விஷயத்தில் இன்னொன்று. 2019 அறிவிக்கையின்படி, அனுமதிக்கப்பட்ட இடத்தில் சொந்தக் குடியிருப்புக்காக மொத்தம் 300 சதுர மீட்டர் வரை கட்டினால், மாநிலக் கடலோர ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. உள்ளூர் அமைப்பே சி.ஆர்.இசட். கண்ணோட்டத்தில் பார்த்து அனுமதி கொடுக்கலாம். 300 சதுர மீட்டர் என்பது சுமார் 3230 சதுர அடி. நம் ஆட்கள் உடனே என்ன செய்கிறார்கள் தெரியுமா? அப்பா பேரில் ஒரு 290, பிள்ளை பேரில் ஒரு 295, நடுவில் ஒரு "நடைபாதை". மேலே கூரை போட்டதும் ஒரே வீடு. வரைபடத்தில் இரண்டாகவும் செங்கலில் ஒன்றாகவும் இருக்கிற வீட்டை எதிர்த்தரப்பு வக்கீல் டிரோன் படம் ஒன்றிலேயே முடித்துவிடுவார்.

பஞ்சாயத்தில் பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு. அது போதாதா?

போதாது. இதற்கு மரடு போதும்.

கொச்சிக்குப் பக்கத்தில் காயல் ஓரத்தில் இருக்கிற ஊர் மரடு. 2006-ல் அது கிராமப் பஞ்சாயத்து. அப்போது பஞ்சாயத்து கொடுத்த அனுமதியை வைத்து அடுக்குமாடிகள் எழுந்தன. கேரளக் கடலோர ஆணையத்திடம் ஒப்புதல் வாங்கவில்லை. அன்றைய வரைபடப்படி அந்த இடம் மூன்றாம் மண்டலம். வழக்கு வருடக்கணக்கில் போனது, ஊர் நகராட்சி ஆனது, வீடுகளில் ஆட்கள் குடியேறினார்கள், சுவரில் படம் மாட்டினார்கள். 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. எல்லோர் போனிலும் அந்த வீடியோ வந்ததே, அதேதான். வீடு இழந்தவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக ஆளுக்கு 25 லட்சம் ரூபாயை முதலில் மாநில அரசு கொடுக்கவும், அதைக் கட்டியவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவு.

அங்கே வீடு வாங்கியவர்கள் யாரும் விதியை மீறவில்லை. கையெழுத்துப் போட்ட பேப்பரை நம்பினார்கள், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தரும் திட்ட அனுமதி, உள்ளாட்சியின் கட்டட அனுமதி, சி.ஆர்.இசட். ஒப்புதல் மூன்றும் தனித்தனி. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

அங்கே பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டலாமே?

கட்டலாம், மூன்று பூட்டுகளோடு. பழையது அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும். புதியது பழைய அடித்தளப் பரப்பைத் தாண்டக் கூடாது. பழைய தளப்பரப்பு விகிதத்தையும், அதாவது மனை அளவுக்கு எல்லா மாடியும் சேர்த்து எவ்வளவு கட்டியிருந்தது என்ற கணக்கையும், தாண்டக் கூடாது.

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். மனையில் "பழைய வீடு" இருக்கிறது, வரி ரசீதும் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓலைக் கொட்டகை. உள்ளே கிழிந்த நைலான் வலை, மண்ணெண்ணெய் கேன், ஒரு உடைந்த துடுப்பு. வலை வைக்கும் கொட்டகை! அதைக் காட்டி ஏழாயிரம் சதுர அடிக்கு மறுகட்டுமானம் கேட்க வேண்டுமாம். நான் மாட்டேன் என்றதும் வேறு ஆளிடம் போனார். அந்த வீடு இன்றும் பாதியில் நிற்கிறது, கம்பி துருப்பிடித்து.

சாலைக்கு நிலப்பக்கம் கட்டலாம் என்றீர்களே. நாமே கடல் பக்கம் ஒரு சாலை போட்டுவிட்டால்?

இந்த யோசனை உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேருக்கு வந்துவிட்டது, அறிவிக்கையை எழுதியவர்களுக்கும் வந்துவிட்டது. பழைய சாலைக்குக் கடல் பக்கமாகப் புதிதாகப் போடும் சாலையை வைத்து அனுமதி கேட்க முடியாது என்று விதியிலேயே இருக்கிறது.

வரிசையாக எல்லோரும் கட்டியிருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்கள் வீடு எல்லாம் நிற்கிறது. என்னை மட்டும் என்ன செய்துவிடுவார்கள்?

நிற்கிறது என்பதும் அனுமதியோடு நிற்கிறது என்பதும் வேறு. 1991-க்கு முன்பே கட்டியவை இருக்கும். முறையாக ஒப்புதல் வாங்கியவை இருக்கும். இன்னும் யாரும் வழக்குப் போடாதவையும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான், மதில், போகன்வில்லா, நாய் ஜாக்கிரதை.

பெரிய ஆள் என்பதும் எப்போதும் காப்பாற்றாது. மும்பை ஜுஹுவில் நாராயண் ராணேயின் பங்களா வழக்கு நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் அவர் மத்திய அமைச்சராக இருக்கும்போதே, அனுமதித்த அளவுக்கு மேல் கட்டியதும் சி.ஆர்.இசட். மீறலும் இருப்பதாகச் சொல்லி, அனுமதியற்ற பகுதிகளை இடிக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. முறைப்படுத்தக் கேட்ட மனு எடுபடவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

நிஜமாகவே முழு வீட்டையும் இடித்திருக்கிறார்களா, அல்லது நோட்டீசோடு சரியா?

பெரும்பாலும் நோட்டீசோடு சரி. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மகாராஷ்டிரத்தில் அலிபாக் அருகே கிஹிம் கடற்கரையில் வைர வியாபாரி நீரவ் மோடி கட்டிய பங்களா 2019 மார்ச் 8 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. சுமார் 33,000 சதுர அடி என்று செய்திகளில் வந்தது. அந்தக் கரையில் விதி மீறி எழுந்த பங்களாக்கள் மீதான பொதுநல வழக்கு 2009-லிருந்தே பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இருந்தது. வங்கி மோசடி விவகாரத்தில் அவர் நாட்டை விட்டுப் போய், அமலாக்கத் துறை சொத்தை முடக்கிய பிறகு மாவட்ட நிர்வாகம் கையில் எடுத்தது. புல்டோசர் வைத்துப் பார்த்தார்கள். அடித்தளம் அசையவில்லை. கடைசியில் தூண்களில் துளை போட்டு வெடிமருந்து வைத்தார்கள். ஏலம் போடத் தகுந்த பொருள்களை முன்பே கழற்றி எடுத்துவிட்டார்கள்.

அவர் ஊரில் இருந்து, வியாபாரமும் நன்றாக நடந்திருந்தால் அந்த வீடு இடிந்திருக்குமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பத்து வருடம் விதி தூங்கியது, ஆள் விழுந்ததும் எழுந்தது. ஆனால் வீடு கட்டுகிற நீங்கள் இதிலிருந்து தைரியம் எடுத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கு எப்போது யாரோடு ஆகாமல் போகும் என்று உங்களுக்கே தெரியாது. மீறிக் கட்டிய வீடு, யார் கையிலும் கொடுக்கக் கூடிய கத்தி.

கேரளாவில் வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் இருந்த காபிகோ ரிசார்ட்டும் இதே வழியில்தான் போனது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இடிப்பு உத்தரவை உறுதி செய்தது, 2022-ல் வில்லாக்களை உடைக்க ஆரம்பித்தார்கள். வீடு இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

என் மனை கடலோரம் இல்லை, ஆற்று முகத்துவாரத்தில். அங்கே இது பொருந்தாதுதானே?

பொருந்தும். ஓதம் ஏறி இறங்கும் ஆறு, கழி, காயல், உப்பங்கழி எல்லாம் உள்ளே வரும். கடல் நீர் எதுவரை ஏறுகிறது என்பதை உப்பை வைத்து முடிவு செய்கிறார்கள்: வருடத்தின் வறண்ட காலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. அடையாறு, கூவம், முட்டுக்காடு என்று பெயர் சொல்லத் தேவையில்லை. கரையிலிருந்து தூரம் 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது நீரோட்டத்தின் அகலம், எது குறைவோ அது. 2019-ல் 100 என்பது 50 ஆனது.

ஓதம் எட்டாத ஆறு, ஏரி என்றால் இந்த விதி இல்லை, வேறு விதிகள் வரும். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் உண்டவல்லியில் சந்திரபாபு நாயுடு ஆட்சியில் கட்டிய பிரஜா வேதிகா என்ற கூட்ட அரங்கை, ஆற்றுப் பாதுகாப்பு விதிகளை மீறியது என்று சொல்லி 2019 ஜூனில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு இடித்தது. நாயுடு குடியிருந்த பக்கத்து வீட்டுக்கும் நோட்டீஸ் போனது. அப்புறம் அதே ஜெகன் ஆட்சியில் விசாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்த ருஷிகொண்டா குன்றைக் குடைந்து மாளிகை மாதிரி கட்டடங்கள் எழுந்தன, சுற்றுலாத் திட்டம் என்ற பெயரில். அனுமதித்ததைவிட அதிகம் வெட்டியதாக வழக்கு. 2024 ஜூனில் ஆட்சி மாறியதும் தெலுங்கு தேசத்தினர் கேமராவோடு உள்ளே போய்க் குளியலறை வரை காட்டினார்கள். தண்ணீர் ஓரத்து வீடு என்றால் கட்சி பேதம் இல்லை, எல்லோருக்கும் ஆசைதான்.

பக்கத்து மனையில் விதி மீறிக் கட்டுகிறார்கள். நான் என்ன செய்வது?

முதலில் கேலண்டரைப் பாருங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 14-ம் பிரிவின்படி போகும் வழக்குக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். "கட்டட்டும், முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்தால், நீங்கள் வக்கீலைப் பார்க்கப் போகும்போது அங்கே கிரகப்பிரவேசம் முடிந்திருக்கும். அஸ்திவாரத்தில் நிறுத்துவது சுலபம், கான்கிரீட் போட்ட பிறகு நீதிபதிக்கே மனது வராது.

என்ன சேர்க்க வேண்டும்? தேதி விழுகிற மாதிரி படங்கள், வாரம் ஒன்று, ஒரே இடத்தில் நின்று. சர்வே எண், அதற்குரிய புலப்படம், அதாவது அந்த எண்ணின் எல்லைகளை அளவோடு காட்டும் அரசு வரைபடம். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்த சர்வே எண்ணுக்குத் திட்ட அனுமதி கொடுத்தீர்களா, சி.ஆர்.இசட். ஒப்புதல் உண்டா, எந்த வரைபடத்தின் அடிப்படையில், நகல் தாருங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஆவணம் ஏதும் இல்லை" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், உங்களுக்குத் தேவையான ஆவணமே அதுதான்.

கூடவே மாவட்ட ஆட்சியருக்கு ஒரு புகார். மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். நகல் மாநில ஆணையத்துக்கும் திட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கும். 1971-ம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தவும் அகற்றவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

அதன் பிறகும் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சேப்பாக்கத்தில், பழைய நவாப் அரண்மனையின் கலசா மகாலில் நடக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே நின்றும் பேசலாம், ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

அந்த வீடு வந்தால் என் மாடியிலிருந்து கடல் தெரியாது, காற்றும் வராது. இதைச் சொல்லலாமா?

காற்றும் வெளிச்சமும் உங்கள் கட்டடத்துக்கு இருபது வருடமாகத் தடையில்லாமல் வந்திருந்தால் 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில் ஒரு வாதம் உண்டு. அது சிவில் கோர்ட்டு விஷயம். கடல் தெரிவது உரிமை இல்லை, அதிர்ஷ்டம். பசுமைத் தீர்ப்பாயத்தில் போய் இதைச் சொன்னால், எதிர்த்தரப்பு "இவருக்கு ஆமையும் இல்லை அலையும் இல்லை, பொறாமை" என்று சொல்லி முடித்துவிடும். ஏற்கெனவே கடலோரம் பங்களா வைத்திருப்பவர் அடுத்த பங்களாவை எதிர்க்க வரும்போது நானே முதலில் அவருடைய அனுமதிப் பேப்பரைத்தான் கேட்பேன். இரண்டு முறை ஆள் அதோடு திரும்பி வரவில்லை.

குப்பத்து ஆட்களுக்கு இதில் என்ன நஷ்டம்? அவர்கள் வீட்டை யாரும் தொடவில்லையே?

வீட்டைத் தொடவில்லை, வழியைத் தொட்டார்கள். கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் கயிறு பிடித்து வரிசையாக நிற்க நீளமான வெற்று மணல் வேண்டும். வலை காயப்போட, மீன் உலர்த்த, புயல் எச்சரிக்கை வந்தால் படகை மேலே ஏற்றிவைக்க இடம் வேண்டும். அந்த மணல் யார் பேரிலும் இல்லை, கடற்புறம்போக்கு. வரைபடத்தில் வெறும் வெள்ளை. காலி இடம் என்று நினைத்து மனைக்காரர் மதிலை நாலு அடி நாலு அடியாக முன்னால் தள்ளுவார், அப்புறம் புல் நடுவார், அப்புறம் குடை வைப்பார்.

நான் பார்த்த ஒரு தெருவில் கடலுக்குப் போகும் சந்து ஆறு அடி அகலம். ஒரு பக்க மதில் எழும்பியதும் மூன்று அடி ஆனது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் வர முடிந்தது. அந்தச் சந்துக்காகத்தான் ஊர்க் கூட்டம் கூடியது, வீட்டின் உயரத்துக்காக இல்லை. மனுவில் நான் எழுதிக்கொடுத்த முதல் வரியும் அந்தச் சந்தின் அகலம்தான்.

வீட்டுக்கு முன்னால் கல் கொட்டிச் சுவர் எழுப்பினால் கடல் உள்ளே வராதே?

உங்கள் வீட்டுக்குள் வராது. வடக்குப் பக்கத்து வீட்டுக்குள் போகும். நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதைக் குறுக்கே மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் அரித்தது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகம் வந்த பிறகு நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கல்தான் மிஞ்சியது, அரிப்பு வடக்கே குப்பங்களுக்கு நகர்ந்தது. அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே இருப்பவர்களும் தூண்டில் வளைவு கேட்பது இதனால்தான். அரசே யோசித்துப் போடுகிற விஷயத்தை நீங்கள் லாரியில் கல் இறக்கிச் செய்தால் அது தனி மீறல். மணல்மேட்டைச் சமன்படுத்துவதும் அப்படியே. அழகுக்காகவோ விளையாட்டுக்காகவோ மணற்குன்றை மாற்றக் கூடாது என்று அறிவிக்கையில் நேராகவே இருக்கிறது.

போர்வெல், நீச்சல் குளம்?

மூன்றாம் மண்டலத்தில் 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும். 200-க்கு மேல் 500 வரை சாதாரணக் கிணறு, கையால் இறைப்பது. மோட்டார் போட்டுக் குளம் நிரப்புகிற பேச்சுக்கு இடமில்லை. விதியை விடுங்கள், மணலுக்கு அடியில் இருக்கிற நல்ல தண்ணீர் மெல்லிய படலம். ஒரு பங்களா உறிஞ்சினால் நாலு தெருக் குழாயில் உப்பு வரும். உப்பு வந்த வருடத்தை குப்பத்துப் பெண்கள் சரியாகச் சொல்வார்கள்.

மீறினால் தண்டனை என்ன?

முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்தது. 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து அதை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதமாக்கியது. பத்துக் கோடிக்கு வீடு கட்டுபவருக்கு இது டைல்ஸ் செலவு. இடிப்பு உத்தரவு ஒன்றுதான் உறைக்கும்.

நான் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன?

கிரயம் ஆகும் முன்பு இந்த வரிசையில் போங்கள். புலப்படத்தை வாங்குங்கள். அமலில் இருக்கும் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில், உங்கள் கிராமத்தாளில், அந்த சர்வே எண்ணைத் தேடுங்கள். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியாவிட்டால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைக் கொண்டு உங்கள் மனையை அந்த வரைபடத்தின் மேல் பொருத்தித் தரச் சொல்லுங்கள். செலவாகும், ஆனால் கிரயத் தொகையில் அது பொட்டு.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இத்தனை சதுர அடி வீட்டுக்கு சி.ஆர்.இசட். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதித்தால் நல்லது. "அதெல்லாம் எதுக்கு சார், இங்க எல்லாரும் கட்டியிருக்காங்க" என்று சிரித்தால், அவருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.